கிளினிக் கொப்பி இனி யார் கையில்? பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறும் தொடர் வருத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஒன்பது வயதில் சீனி வருத்தம் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற முதலாம் வகை. ஊசி இல்லாமல் ஒரு நாளும் போகாது. எட்டு வருடம் அதை அம்மாதான் பார்த்தார். அப்புறம் நான் பார்க்கத் தொடங்கினேன், அதுவும் ஒழுங்காகத் தொடங்கவில்லை. இப்போது மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிறேன். இப்படிப் பிள்ளை உள்ள குடும்பங்கள் கூப்பிட்டால் போய்க் கதைப்பேன். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள்தான் இவை. சிலதைப் பிள்ளைகள் கேட்டார்கள், சிலதைத் தாய்மார் கேட்டார்கள். நான் டொக்டர் இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவது குறைப்பது உங்கள் கிளினிக்கில் பேச வேண்டிய விசயம். முட்டு (ஆஸ்துமா), வலிப்பு, வாதக் காய்ச்சலால் வந்த இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த வயதில் பிள்ளையிடம் கொடுக்கத் தொடங்கலாம்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். இங்கிலாந்தில் இதற்கென்று எழுதிய வழிகாட்டுதலே பிந்தினாலும் 13, 14 வயதில் ஆயத்தத்தைத் தொடங்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரமும் வரும்போது பிள்ளைக்கும் நேரம் இருக்காது, வீட்டிலும் பொறுமை இருக்காது. அதற்கு முன் இரண்டு மூன்று வருடம் பழகியிருந்தால் கை தானாக வேலை செய்யும். பதினெட்டு வயது வந்ததும் ஒரே நாளில் “இனி நீதான் பார்க்க வேணும்” என்று சொல்வது, நீந்தப் பழக்காமல் வாவியில் இறக்கிவிடுவது மாதிரி.

முதலில் எதைக் கொடுப்பது?

கொப்பியை. ஊசியை இல்லை, குளிசையை இல்லை, கிளினிக் கொப்பியை. அதைப் பையில் வைப்பது, அடுத்த திகதியைப் பார்த்துச் சொல்வது, இரத்தப் பரிசோதனைத் துண்டு வந்தால் உள்ளே ஒட்டுவது. இது பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும். மறந்தாலும் உயிருக்கு ஒன்றும் இல்லை, ஒரு பஸ் பயணம் வீண், அவ்வளவுதான்.

அது பழகியதும் பாமசி வரிசை. மருந்தை வாங்கி, பெயரையும் எண்ணிக்கையையும் துண்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு டொக்டரிடம் பேசுவது. தினசரி மருந்தைத் தானே எடுப்பது கடைசியில் வரட்டும், அதுவும் அம்மா பக்கத்தில் இருக்கும்போது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆபத்தான வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, கொப்பியை மட்டும் அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

டொக்டர் என்னிடம் கேட்கிறார், அம்மா பதில் சொல்லிவிடுகிறார். என்ன செய்ய?

எனக்கும் இதுதான் நடந்தது. விடிய ஐந்து மணிக்கே எழும்பி, முதல் பஸ்ஸில் போய், நம்பர் எடுத்து, வாங்கில் மூன்று மணித்தியாலம் இருப்போம். உள்ளே போனால் இரண்டு மூன்று நிமிடம். டொக்டர், “தங்கச்சி, சாப்பாடு எப்பிடி?” என்பார். நான் வாயைத் திறக்க முதல் அம்மா, “இரவில பிட்டுத்தான் சேர், குறைச்சுத்தான் குடுக்கிறன்” என்பார். பொய் இல்லை. ஆனால் பள்ளிக்கூடக் கன்டீனில் நான் வாங்கித் தின்ற பணிஸ் அம்மாவுக்குத் தெரியாது.

எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு பெண் டொக்டர் வந்தார். முதல் நாளே, “அம்மா கொஞ்சம் வெளியில இருங்க, நான் பிள்ளையோட கதைக்கணும்” என்றார். அம்மாவின் முகம் சுருங்கிப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொப்பியை மேசையில் வைக்க மனம் இல்லாமல் கையில் பிடித்தபடியே எழும்பினார். பிறகு திரும்பி வந்து, என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் டொக்டரிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை சொன்னேன்.

எல்லா டொக்டரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். நீங்களே வீட்டில் அம்மாவோடு பேசி வையுங்கள்: “நான் முதலில சொல்றன், விட்டதை நீங்க கடைசியில சொல்லுங்க.” அம்மாவை வெளியே அனுப்ப வேண்டும் என்றில்லை, கதிரையை மாற்றினாலே போதும். டொக்டருக்குப் பக்கத்துக் கதிரையில் நீங்கள் இருங்கள், அம்மா பின்னால் இருக்கட்டும். கேட்க நினைத்ததை முதல் நாள் இரவே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

குழந்தைகள் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் மெடிக்கல் கிளினிக்குக்கு மாற்றினால் என்ன வித்தியாசம்?

கூட்டம் கூட. பெயர் சொல்லி விசாரிக்கிற தாதி மிஸ் இருக்க மாட்டார். வாங்கில் உங்கள் இரு பக்கமும் அறுபது வயதுக்காரர்கள் இருப்பார்கள், “இந்த வயசிலயேவா சீனி?” என்று கேட்பார்கள். கிளினிக்குக்குப் போகாவிட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள். அதனால்தான் வருத்தம் உள்ள பிள்ளைகள் கிளினிக்கை விட்டுக் காணாமல் போவது அதிகமும் இந்த இடத்தில்.

மாற்றும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வருத்தத்தின் பெயரும் தொடங்கிய வருடமும் இப்போதைய மருந்துகளும் எழுதிய கடிதம், வாட்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட், புதிய கிளினிக்கின் முதல் திகதி. திகதி இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். மழையில் நனைந்த கொப்பியை நான் மின்விசிறிக்குக் கீழே பக்கம் பக்கமாகக் காய வைத்திருக்கிறேன். பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ படிக்கப் போகிறவர்களுக்கும் இதே கடிதம் வேண்டும். வந்தாறுமூலை, ஒலுவில் என்று கிட்டவே படித்தாலும் விடுதிக்குப் போகிற முதல் கிழமையிலேயே பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள், அறைத் தோழியிடமும் சொல்லுங்கள்.

என் வருத்தத்தைப் பற்றி நான் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

தெரியாத டொக்டரிடம் ஒரு நிமிடத்தில் சொல்லும் அளவுக்கு. “எனக்கு முதலாம் வகைச் சீனி வருத்தம், ஒன்பது வயதிலிருந்து. இந்த இன்சுலின் காலையில் இவ்வளவு, இரவில் இவ்வளவு. இரண்டு தரம் வாட்டில் இருந்தேன். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது.” இப்படி.

மருந்தின் கம்பனிப் பெயரை இல்லாமல் மருந்துப் பெயரையே பாடமாக்குங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது “வெள்ளைப் பெட்டி, நீல எழுத்து” என்று பாமசியில் சொல்லிக்கொண்டு நின்றவர்களைக் கண்டேன். பெயரும் மில்லிகிராமும் தெரிந்தவர்கள் வேறு கம்பனி மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மொழியும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் சில வேளை தமிழ் தெரியாத டொக்டர் வருவார், அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனால் அது இன்னும் கூட. அந்த நேரம் அம்மாவால் உதவ முடியாது. வருத்தத்தின் ஆங்கிலப் பெயரும் மருந்தின் பெயரும் எந்த டொக்டருக்கும் விளங்கும், அது உங்கள் வாயில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மகள் ஊசியை விடுகிறாள், கொப்பியில் பொய்யாக எழுதுகிறாள். திரும்ப நானே எடுத்துக்கொள்ளவா?

வேண்டாம். இதை நான் அந்தப் பொய்யை எழுதிய பிள்ளையாக இருந்து சொல்கிறேன்.

உயர்தரம் முதலாம் வருடம். பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசன், வீட்டுக்கு வர இரவு எட்டரை. மற்றவர்கள் முன்னால் சட்டையைத் தூக்கி ஊசி போட வெட்கம். பகல் ஊசியை விடத் தொடங்கினேன். இரத்தம் குத்திப் பார்ப்பதையும் விட்டேன். கிளினிக்குக்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து ஒரு மாதத்துக்கான எண்களை எழுதினேன்: 118, 124, 131, 109. அடுத்த நாள் டொக்டர் பக்கத்தைப் புரட்டினார். ஒன்றும் ஏசவில்லை. “எல்லாம் ஒரே பேனை” என்று மட்டும் சொன்னார்.

அப்போதும் நான் திருந்தவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சத்தி எடுக்கத் தொடங்கியது. வயிற்று நோ, தாகம், மூச்சு வேகம். சாப்பாடு பிழைத்துவிட்டது என்று நினைத்து அம்மா இஞ்சி அவித்துத் தந்தார். பின்னேரம் என் வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு மணம் வந்ததும்தான் ஓட்டோ பிடித்தார். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, இரத்தம் அமிலமாகிவிட்ட நிலை அது. நான்கு நாள் வாட்டில் இருந்தேன். முதலாம் வகைச் சீனி உள்ள பிள்ளை சத்தி எடுத்தால், சாப்பிடாவிட்டாலும், இன்சுலினை ஒருபோதும் நிறுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை அங்கேதான் ஒழுங்காகக் கேட்டேன். ஒன்பது வயதில் அம்மாவுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் பறித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பகல் ஊசியை மட்டும் கேட்டார். ரியூசனுக்குப் பக்கத்தில் ஒரு மாமி வீடு இருந்தது. அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று பேசி வைத்தார். காலையும் இரவும் என் கையிலேயே இருந்தன. கொப்பியும்தான். எந்த வேலை வழுக்கியதோ அந்த ஒன்றுக்கு மட்டும் கை கொடுங்கள். ஏன் வழுக்கியது என்று கேளுங்கள். அனேகமாக வெட்கம், அல்லது நேரம், அல்லது களைப்பு. ஏசினால் பிள்ளை கவனமாகப் பொய் எழுதப் பழகும், இரண்டு பேனையால்.

பள்ளிக்கூடத்தில், ரியூசனில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

வகுப்பு ஆசிரியர் ஒருவருக்கும் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும். சீனி குறைந்து கை நடுங்கி வியர்த்தால், அதாவது 70க்குக் (mg/dL அளவில்) கீழே போனால், மூன்று நாலு தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர் அல்லது குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதனை. சொக்லேட் வேண்டாம், கொழுப்பு அதை மெதுவாக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வலிப்பு உள்ளவரின் நண்பர்களுக்கு: சரித்துப் படுக்க வைக்கவும், வாயில் கரண்டி வைக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது, மணிக்கூட்டைப் பார்க்கவும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. பரீட்சைக்காக இரவிரவாக விழித்திருப்பதே பலருக்கு வலிப்பைக் கொண்டுவரும். நித்திரையையும் ஒரு மருந்து என்று நினையுங்கள்.

அம்மா வெளிநாட்டில். அம்மம்மாவோடு இருக்கிறேன். யார் பார்ப்பது?

எங்கள் மாவட்டத்தில் இது எத்தனை வீட்டின் கதை! அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, கொப்பியில் இருப்பதை வாசிக்க முடியாது. ஆனால் ஒன்பது மணியானால் “மனே, குளிசை போட்டயா?” என்று கேட்க அவரால் முடியும். அது சின்ன உதவி இல்லை. அம்மாவுக்குக் கிளினிக் முடிந்த அன்றைக்கே கொப்பியின் பக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தினமும் வேண்டாம். தினமும் எண்கள் அனுப்பச் சொல்கிற தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பிள்ளை போனை எடுத்தாலே வருத்தத்தைப் பற்றித்தான் பேச்சு என்றால், அது எப்படி உங்களோடு கதைக்கும்?

விரதம், நோன்பு, பாதயாத்திரை?

கந்தசஷ்டியோ தீமிதிப்புக்கான நோன்போ ரமழானோ, இன்சுலின் போடுகிறவர் இரண்டு மாதம் முந்தியே கிளினிக்கில் கேட்க வேண்டும். முதலாம் வகைக்காரருக்கு நீண்ட நேரப் பட்டினி ஆபத்துக் கூடியது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதைக் குர்ஆனே சொல்கிறது. டொக்டர் சம்மதித்து நோன்பு பிடித்தாலும் 70க்குக் கீழேயோ 300க்கு மேலேயோ போனால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். இந்த முடிவை உம்மா உங்களுக்காக எடுக்க விடாதீர்கள், நீங்களே டொக்டரிடம் கேளுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தையில் காட்டுக்குள் இறங்கினால், குமணை, யால என்று நாலைந்து நாள் கடையும் இல்லை ஆஸ்பத்திரியும் இல்லை. நடக்கும்போது சீனி இறங்கும். ஊசியும் மருந்தும் இரண்டு பங்கு எடுத்து இரண்டு பேரின் பையில் பிரித்து வையுங்கள். செருப்பு இல்லாமல் நடக்க வேண்டாம் என்று நான் சொன்னால் முருகன் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஒவ்வொரு இரவும் டோர்ச் அடித்துக் காலைப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லை, வெள்ளமும் வரும். இன்சுலினை எப்படி வைப்பது?

திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை வரை இருக்க வேண்டும், உறையக்கூடாது. திறந்து பாவிக்கிறதை முப்பது பாகைக்கு மிஞ்சாத இடத்தில் நாலு கிழமை வரை வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் தயிர்ச் சட்டி உதவும். பெரிய சட்டிக்குள் ஈர மணல், அதற்குள் சின்ன முட்டி, அதற்குள் பொலித்தீனில் சுற்றிய போத்தல், மேலே ஈரத் துணி, நிழலில் காற்றுப் படுகிற இடம். மண்சட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் நன்றாக வேலை செய்யும், மழைக்காலத்து ஈரக் காற்றில் அவ்வளவு குளிராது. பல மாதத்துக்குரியதை இதில் சேர்த்து வைக்க வேண்டாம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கார்த்திகை, மார்கழி முக்கியம். றோட்டை வெள்ளம் மூடினால், வாவியைக் கடக்கிற பாதைப் படகும் ஓடாவிட்டால், கிழக்கே எழுவான்கரைக்கு வர வழி இல்லை. ஐப்பசிக் கிளினிக்கிலேயே இதைச் சொல்லி, இரண்டு கிழமைக்கு மேலதிக மருந்து கேளுங்கள். இதைக் கேட்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.

முட்டுக்கு எந்த நேரம் எந்தப் பம்ப்?

நீலப் பம்ப், மூச்சு இழுக்கிற நேரத்துக்கு. மண்ணிறம் இழுப்பு வராமல் இருக்க, சுகமாக இருக்கிற நாளிலும். மண்ணிறம் அடித்ததும் வாய் கொப்பளிக்கவும். நீலம் கிழமைக்கு இரண்டு தரத்துக்கு மேல் தேவைப்பட்டால் வருத்தம் கட்டுக்குள் இல்லை. வேளாண்மை வெட்டும் காலத்தில், வைக்கோல் எரிக்கும் நாட்களில், நீலம் சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.

எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. மாதா மாதம் போடுகிற பெனிசிலின் ஊசியை நிறுத்தலாமா?

வாதக் காய்ச்சல் திரும்ப வந்தால் இதய வால்வு இன்னும் பழுதாகும். அது வராமல் தடுப்பதுதான் அந்த ஊசி. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாலு கிழமைக்கு ஒரு முறை. இதயம் பாதிக்கப்படாதவருக்கு ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அது. பாதித்தவருக்குப் பத்து வருடத்துக்குக் குறையாது, வால்வில் பழுது மிஞ்சியிருந்தால் 40 வயது வரையும் போகலாம். முடிவு தேதி எது என்று டொக்டரிடம் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நோகிற ஊசி, எனக்குத் தெரியும். எத்தனை வருடம் என்று தெரிந்தால் தாங்குவது கொஞ்சம் இலேசு.

சம்பந்தம் பேசும்போது சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். நீங்களே சொல்ல வேண்டும், கலியாணத்துக்கு முதல். தாய்மார் மறைக்க நினைப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். இருபத்தைந்து வருடம் அம்மா அளந்து போட்ட சோற்றைச் சாப்பிட்ட பையன், நாளைக்கு மாமியின் அடுப்படியில் இருப்பான். புது மருமகனுக்கு விருந்து வைக்கிற மாமிக்கு வருத்தம் தெரியாவிட்டால், தட்டில் விழுகிற ஒவ்வொரு கரண்டியும் ஒரு சண்டை. அதனால் மகள்மாரைவிட மகன்மாருக்குத்தான் சமைக்கவும் அளக்கவும் முதலில் பழக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. வலிப்புக்கு வல்புரோயேட் எடுக்கிறவர் கலியாணம் பேசத் தொடங்கும்போதே டொக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் அது பத்தில் ஒரு குழந்தை அளவுக்குப் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கக்கூடியது. வேறு மருந்துக்கு மாற்ற மாதங்கள் எடுக்கும். நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது, வலிப்பு விடாமல் வரும். அம்மாவுக்கு முன்னால் கேட்க வெட்கமாக இருந்தால், தனியாகப் போய்க் கேளுங்கள். சீனி உள்ளவரும் கர்ப்பத்துக்கு முன்பே சீனியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

களைத்துவிட்டேன். ஒரு நாளும் லீவு இல்லாத வருத்தம்.

ஓம். எனக்கும் அந்த நாட்கள் வரும். சோம்பல் என்று நினைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் 1926க்கு எடுங்கள், அது அரசின் மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். அதைவிட முதலில், அம்மாவிடம் “இண்டைக்கு நீங்க போட்டு விடுங்க” என்று கேளுங்கள். பொறுப்பை எடுத்தவர் ஒரு நாள் திருப்பிக் கொடுத்தால் தோற்றுப்போனதாகாது. நான் முப்பது வயதிலும் கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட பிறகு தாய்க்கு என்ன வேலை?

என் அம்மா ஒரு வருடம் வெறுங்கையோடு தவித்தார். கிளினிக் நாளில் விடியவே எழும்பி, நான் போகிற வரைக்கும் வாசலில் நிற்பார். இப்போது ஒரு கேள்விதான் கேட்பார், நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது: “அடுத்தது எப்ப மகள்?” திகதியைச் சொல்வேன். குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார்.